நீந்தத் தெரியாதவருக்கும் உண்டு பவளத் தோட்டம்!

அந்தமான் கடலில் ஒரு பகல் பயணம்

"உன்னை அந்தமானுக்கு அனுப்பிவிடுவார்கள்!"

பாட்டன்மார் காலத்தில் இதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது. 1858-ம் ஆண்டில் வெள்ளையர் அங்கே கைதிகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். 1906-ல் செல்லுலார் சிறை கட்டி முடிந்தது. அந்தக் கடலைக் கடந்து போனவர் திரும்பமாட்டார் என்று ஊரார் முடிவு கட்டிவிடுவார்கள்.

இன்றோ அதே அந்தமானுக்குப் போக வேண்டும் என்று லீவு கேட்டு விண்ணப்பம் எழுதுகிறார்கள். மும்பையில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களிலும், அந்த ஆசை இல்லாத வீடு குறைவு. அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் போய்வந்து படம் காட்டுகிறார். கண்ணாடிபோன்ற தண்ணீர், அதன் அடியில் பவளத் தோட்டம், மஞ்சளும் நீலமுமாக மீன்கள்!

படத்தைப் பார்த்தவுடன் ஆசை வருகிறது. அதன் பின்னாலேயே அச்சமும் வருகிறது. "எனக்குத்தான் நீந்தத் தெரியாதே!"

இந்த அச்சத்தில் வெட்கப்பட எதுவும் இல்லை. பிழைப்புக்கு வந்த ஊரில் கடல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சௌபாத்திக்கும் ஜுஹுவுக்கும் போகிறார்கள். ஆனால் முழங்கால் அளவுக்கு மேல் தண்ணீரில் இறங்கியவர் எத்தனை பேர்? அப்படிப்பட்டவரும் அந்தமானில் ஒரு முழுப் பகல் கடலில் கழித்து, பவளப் பாறையைக் கண்ணால் கண்டு, பத்திரமாகத் திரும்பலாம். அதற்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

பெயர் தமிழருடையது

போர்ட் பிளேர் துறைமுகத்திலிருந்து பக்கத்துத் தீவுகளுக்கு ஓடும் வேகக் கப்பல்களில் பல 'கேட்டமரான்' வகையைச் சேர்ந்தவை. இந்தப் பெயரைக் கேட்டதும் தமிழர் காது கூர்மையாகும். ஆம், 'கட்டுமரம்' என்ற தமிழ்ச் சொல்தான் ஆங்கிலேயர் வாயில் 'கேட்டமரான்' ஆயிற்று. சோழமண்டலக் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் கடலுக்குப் போகும் மனிதர்களைப் பற்றி, வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-ல் வெளியான தம் பயண நூலில் எழுதினார். அதன்பிறகு அந்தச் சொல் உலகம் சுற்றியது.

ஆனால் பெயர் ஒன்றே தவிர, பொருள் வேறு. நம் மீனவரின் கட்டுமரத்துக்கு அடிக்கூடு கிடையாது. லேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் வரிந்து கட்டியது அது. அலை அதன் மேலேறி வழிந்து போய்விடும், அது முழுகாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரத்தை உலர்த்துவார்கள்.

இன்றைய கேட்டமரான் என்பது இரண்டு ஒல்லியான அடிக்கூடுகளைப் பக்கம் பக்கமாக வைத்து, மேலே ஒரு தளத்தால் இணைத்த கப்பல். பசிபிக் தீவுகளில் வாழ்ந்த மக்கள் நெடுங்காலமாக இரட்டைப் படகுகளில் கடல் கடந்தார்கள். 1876-ல் அமெரிக்காவில் நதேனியல் ஹெர்ஷாப் என்பவர் அந்த முறையில் ஒரு பாய்ப்படகு கட்டிப் பந்தயத்தில் மற்றப் படகுகளை முந்தினார். அந்த வகைக்குத்தான் தமிழ்ப் பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டு அடிக்கூடுகளால் என்ன லாபம்? ஒல்லியான கூடு தண்ணீரை எளிதாகக் கிழித்துப் போகிறது. ஆகவே வேகம் கிடைக்கிறது. இரண்டும் தள்ளித் தள்ளி இருப்பதால் கப்பல் பக்கவாட்டில் அதிகம் சாய்வதில்லை. ஒற்றைக் காலில் நிற்பவனுக்கும் இரண்டு காலை அகட்டி நிற்பவனுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

கப்பல் ஏறும் முன்பு

2018-ல் ஹேவ்லாக் தீவுக்கு 'சுவராஜ் தீவு' என்றும், நீல் தீவுக்கு 'ஷஹீத் தீவு' என்றும் பெயர் சூட்டப்பட்டது. 2024-ல் போர்ட் பிளேர் நகரம் 'ஸ்ரீ விஜயபுரம்' ஆயிற்று. ஆனாலும் பேச்சு வழக்கில் பழைய பெயர்கள்தான் அதிகம். டிக்கெட் வாங்கும்போது இரண்டு பெயர்களும் தெரிந்திருந்தால் குழப்பம் இல்லை.

காலைக் கப்பலில் ஹேவ்லாக் போய், பகலில் பவளப் பாறை பார்த்து, மாலைக் கப்பலில் திரும்புவது ஒரு நாள் திட்டம். வேகக் கப்பல் சுமார் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் ஹேவ்லாக் போய்ச் சேரும். அரசாங்கக் கப்பலும் உண்டு. கட்டணம் குறைவு, நேரம் கூடுதல். கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் முதலில் அதைத்தான் விசாரிக்க வேண்டும். இரண்டிலும் புகைப்படம் உள்ள அடையாள அட்டை இல்லாமல் ஏற முடியாது. இந்தியக் குடிமக்கள் இந்தத் தீவுகளுக்குப் போகத் தனி அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை: சொந்த ஊருக்குப் போகும் விடுப்புப் பயணச் சலுகைக்குப் பதிலாக அந்தமானுக்குச் செல்ல அனுமதிக்கும் உத்தரவுகள் காலத்துக்குக் காலம் நீட்டிக்கப்பட்டு வந்துள்ளன. டிக்கெட் எடுக்கும் முன்பே அலுவலகத்தில் நடப்பு உத்தரவைக் கேட்டுக்கொள்வது நல்லது. எடுத்த பிறகு கேட்டால், தலைமைக் குமாஸ்தாவும் கையை விரித்துவிடுவார்!

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே மாதம் தொடங்கி மழையும் காற்றும் வலுக்கும். எந்த மாதமானாலும் கடல் கொந்தளித்தால் கப்பல் ரத்தாகும். ஆகவே ஹேவ்லாக்கிலிருந்து திரும்பும் அன்றே ஊருக்கு விமானம் பிடிப்பதாகத் திட்டமிடுவது விபரீதம். நடுவில் ஒரு நாளாவது வேண்டும்.

இன்னொன்று, அந்தமான் கிழக்கே வெகு தூரத்தில் இருக்கிறது. கடிகாரமோ மும்பையின் கடிகாரம்தான். டிசம்பரில் மும்பையில் ஆறு மணிக்கு மறையும் சூரியன் அங்கே ஐந்து மணிக்கே மறைந்துவிடும். "சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் போகலாம்" என்று உட்கார்ந்தவர் பவளப் பாறையைப் பார்க்காமலே திரும்ப வேண்டியதுதான்.

கடல் மயக்கம் வருபவர்கள் வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது; வெறும் வயிறும் கூடாது. இரண்டு இட்லி போதும். கப்பலின் நடுப்பகுதியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே தொலைவில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலைசுற்றல் குறையும். மாத்திரை தேவைப்பட்டால் டாக்டரிடம் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

துறைமுகத்தில் தமிழ்க் குரல்

போர்ட் பிளேரில் இறங்கும் தமிழர் மொழி தெரியாமல் திண்டாட வேண்டியதில்லை. 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபாரில் ஆறேழு பேருக்கு ஒருவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். கடைத்தெருவிலும் துறைமுகத்திலும் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். நகரில் வெற்றிமலை முருகன் கோயிலும் இருக்கிறது.

இவர்களும் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்கள்தான். 1964-ம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் சில குடும்பங்கள், நிக்கோபாரில் கச்சல் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2004 டிசம்பர் 26-ம் தேதி வந்த சுனாமி அந்தத் தீவையும் கொடூரமாகத் தாக்கியது. கடலோடு வாழ்கிற இந்த மக்கள் வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், அதைக் காதில் வாங்கிக்கொள்வது பயணிக்கு நல்லது.

ஆபத்து பெரிய கப்பலில் அல்ல

ஹேவ்லாக் கரையில் இறங்கியபின், பவளப் பாறை பார்க்கப் பலரும் போவது எலிபென்டா கடற்கரைக்கு. மும்பைக்காரருக்கு எலிபெண்டா என்றதும் குகைதான் நினைவுக்கு வரும். இதை 'எலிபெண்ட் பீச்', அதாவது யானைக் கடற்கரை என்று சொல்வதே சரி. ஒரு காலத்தில் மரம் இழுப்பதற்காக இந்தத் தீவுகளுக்கு யானைகளைக் கொண்டுவந்தார்கள். அவை கடலில் நீந்தவும் பழகின. கடலில் நீந்திப் புகழ்பெற்ற ராஜன் என்ற யானை ஹேவ்லாக்கிலேயே வாழ்ந்து 2016-ல் இறந்தது.

காட்டு வழியாக நடந்தும் இந்தக் கடற்கரைக்குப் போகலாம். பெரும்பாலோர் படகுத்துறையிலிருந்து சிறு படகில் போகிறார்கள். இங்கேதான் கவனம் வேண்டும்!

2014 ஜனவரி 26. குடியரசு தினம், ஞாயிற்றுக்கிழமை. போர்ட் பிளேர் அருகே சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற ஒரு படகு கவிழ்ந்தது. 21 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரம் பகுதியிலிருந்து விடுமுறைக்குப் போன தமிழர்கள். நடுச்சமுத்திரத்தில் அல்ல, கரைக்கு அருகிலேயே நடந்த விபத்து அது. படகு தாங்கக்கூடிய எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்ததாக அப்போது செய்திகள் கூறின.

பெரிய கப்பலில் ஒவ்வொருவர் பெயரும் பட்டியலில் இருக்கிறது. இருக்கைக்கு எண் இருக்கிறது. கரைக்கும் கரைக்கும் இடையே ஓடும் சிறு படகில்தான் "இன்னும் இரண்டு பேர் ஏறலாம்" என்ற குரல் கேட்கும். மும்பை லோக்கல் ரயிலில் தொங்கிப் பழகியவருக்கு இது பெரிதாகத் தோன்றாது. இடித்துக்கொண்டு ஏறுவது அன்றாடப் பழக்கம் அல்லவா? அந்தப் பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். ரயில் சாய்வதில்லை, படகு சாயும்.

ஆகவே ஏறும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். படகில் எத்தனை பேர் ஏறலாம்? இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? எல்லாருக்கும், குழந்தைகளுக்கும் சேர்த்து, உயிர் காக்கும் மிதவைச் சட்டை இருக்கிறதா? சட்டையை இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டால் போதாது. உடம்பில் மாட்டி, வாரை இறுக்கியிருக்க வேண்டும். திருப்தியான பதில் கிடைக்காவிட்டால் இறங்கிவிட வேண்டும். போனால் போகட்டும் கட்டிய பணம்! கூட வந்தவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

ஓட்டுபவர் "ஓரமாகப் போய் நிற்காதீர்கள்" என்றால், அதைக் கேட்க வேண்டும். ஏதாவது காட்சி தெரிந்தது என்று எல்லாரும் ஒரே பக்கத்துக்கு எழுந்து ஓடுவதுதான் சிறு படகுக்குப் பெரிய எமன்.

மூக்குக்கு ஓய்வு, வாய்க்கு வேலை

'ஸ்நார்க்கெலிங்' என்பது பெயரளவில்தான் பயமுறுத்துகிறது. ஆழத்தில் முழுகுவது அல்ல இது. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி முகமூடி; வாயில் கவ்விக்கொள்ள ஒரு குழல்; அதன் மறுமுனை தண்ணீருக்கு மேலே. மிதவைச் சட்டையோடு, முகத்தைக் கவிழ்த்து மிதந்துகொண்டே கீழே பார்ப்பதுதான் முழு வித்தை. நீந்தத் தெரியாதவரைப் பயிற்சி பெற்ற வழிகாட்டி மிதவை வளையத்தைப் பிடித்தபடி அழைத்துப் போவார்.

புதியவர் செய்யும் தவறு ஒன்றுதான்: மூக்கால் மூச்சு விடப் பார்ப்பது. வாயால் மட்டுமே, மெதுவாக, நீளமாக மூச்சு விட வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஐந்து நிமிடம் பழகிவிட்டால் பதற்றம் போய்விடும். குழலில் தண்ணீர் புகுந்தால் பலமாக ஊதி வெளியேற்றலாம். மூக்குக்கும் முகமூடிக்கும் நடுவில் தலைமுடி சிக்கினால் தண்ணீர் கசியும். மீசைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல்! கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க, உள்பக்கம் எச்சில் தடவிக் கழுவுவது உலகமெங்கும் உள்ள கைவைத்தியம்.

தண்ணீருக்குள் முகமூடி வழியே பார்க்கும்போது பொருள்கள் இருப்பதைவிடப் பெரிதாகவும் அருகிலும் தெரியும். கையெட்டும் தூரத்தில் மீன் இருப்பதுபோலத் தோன்றும். கை நீட்டினால் அகப்படாது.

இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக்கூடாது. மது அருந்தியவர் இறங்கவே கூடாது. தண்ணீரில் இறங்க அஞ்சும் வயதானவர்களுக்கு, அடிப்பாகத்தில் கண்ணாடி பதித்த படகுகள் உண்டு. உட்கார்ந்த இடத்திலிருந்தே பவளத்தைப் பார்க்கலாம். முதலை பற்றிய எச்சரிக்கைப் பலகை வைத்துள்ள இடங்களில் கால் நனைக்கவும் கூடாது. 2010-ல் ஹேவ்லாக் தீவில் ஒரு வெளிநாட்டுப் பெண் முதலைக்குப் பலியானார்.

பாறை அல்ல, உயிர்!

தண்ணீருக்குள் முகத்தைக் கவிழ்த்த முதல் நொடியில் கரையின் சத்தமெல்லாம் அடங்கிப்போகிறது. காதில் விழுவது தன் மூச்சின் ஓசை மட்டும். கீழே மான்கொம்புபோலக் கிளைத்த பவளம். மனித மூளைபோல மடிப்பு மடிப்பான பவளம். மேஜைபோல விரிந்த பவளம். கடல் தாமரையின் விரல்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒளிந்து விளையாடும். கிளிமீன்கள் பவளத்தின் மேல்பரப்பைக் கொறித்துக்கொண்டிருக்கும். அவை கொறித்துத் தின்ற சுண்ணாம்புதான் பொடியாகி வெளியே வந்து, கரையில் நாம் மிதிக்கும் வெண்மணலில் ஒரு பகுதியாகிறது!

பவளப் பாறை என்று சொன்னாலும் அது வெறும் பாறை அல்ல. குண்டூசித் தலை அளவிலும் அதைவிடச் சற்றுப் பெரிதாகவும் உள்ள எண்ணற்ற பூச்சிகள் சேர்ந்து வாழும் குடியிருப்பு. அவை சுண்ணாம்பைச் சுரந்து வீடு கட்டுகின்றன. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் உணவு சமைத்துப் பூச்சிக்குக் கொடுக்கிறது. பூச்சி பாசிக்கு இடம் கொடுக்கிறது. பவளத்தின் நிறத்துக்கும் அந்தப் பாசியே பெரிதும் காரணம். வாடகை வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் இப்படி ஓர் ஒற்றுமை இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

கடல் நீரின் சூடு வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒன்றிரண்டு டிகிரி ஏறி, சில வாரங்கள் அப்படியே நின்றால் இந்தக் குடித்தனம் கலைந்துவிடுகிறது. பூச்சி பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. பவளம் எலும்புபோல வெளுத்துப்போகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும். தணியாவிட்டால் பவளம் பட்டினியில் சாகும். அந்தமானில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படி நடந்தது. 2004 சுனாமிக்குக் காரணமான நில நடுக்கத்தில் வட அந்தமானின் தரை மேலெழும்பி, அங்கே பல பவளப் பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து மடிந்தன.

கடலின் சூட்டை ஒரு குமாஸ்தாவோ தொழிலாளியோ தனியாகக் குறைக்க முடியாது. ஆனால் தன் காலை அவர் தூக்கி வைத்துக்கொள்ள முடியும். உருண்டைப் பவளம் ஓர் ஆண்டில் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். களைப்பாக இருக்கிறது என்று அதன்மேல் ஏறி நின்றால், பல ஆண்டு வளர்ச்சி ஒரு மிதியில் நாசம். கையால் தடவினாலும் அதன் மேல்தோல் காயப்படும். மீனுக்கு ரொட்டி போடுவதும் புண்ணியம் அல்ல. வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கைச் சட்டை போட்டு இறங்குவது பவளத்துக்கும் நல்லது, பர்சுக்கும் நல்லது.

பவளத் துண்டை ஊருக்கு எடுத்துவருவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கரையில் செத்துக் கிடந்த துண்டுதானே என்ற சமாதானம் செல்லாது. ஷோகேசில் வைக்க ஆசைப்பட்டு விமான நிலையத்தில் தலைகுனிந்து நிற்க வேண்டாம்.

இன்னொரு வழியும் உண்டு

ஹேவ்லாக் வரை போக நேரமோ பணமோ இல்லாதவர்கள், போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியாக வண்டூர் போகலாம். அங்கே 1983-ல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. அதிலுள்ள ஜாலிபாய், ரெட்ஸ்கின் ஆகிய தீவுகளில், ஆண்டின் ஒரு பகுதியில் ஒன்றும் மறு பகுதியில் மற்றொன்றுமாகப் பயணிகளை அனுமதிக்கிறார்கள். நிலத்துக்கு உழவன் தரிசு விடுவதுபோல, பவளத்துக்கும் ஓய்வு. வனத்துறை அனுமதி வாங்கிப் படகில் போக வேண்டும். பிளாஸ்டிக் பைக்கு அங்கே இடமில்லை. தண்ணீர் கொண்டுபோனால் காலிக் குப்பியைத் திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும். சோதனை செய்கிறார்களே என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். சோதனை இருப்பதால்தான் பார்ப்பதற்கு அங்கே இன்னும் பவளம் இருக்கிறது.

மாலைக் கப்பல் புறப்படும்போது கண்கள் எரியும். உதட்டில் உப்புக் கரிக்கும். குழந்தைகள் மடியிலேயே தூங்கிப்போவார்கள். ஒரு வருடச் சேமிப்பில் பெரும்பகுதி இந்தச் சில நாட்களில் கரைந்திருக்கலாம். ஆனால் காலையில் "நான் கரையிலேயே உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்ன இல்லத்தரசி, மாலையில் கோமாளி மீனைப் பற்றிப் பக்கத்து இருக்கைக்காரியிடம் ஓயாமல் பேசிக்கொண்டு வருவாள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வரும் கணவனுக்குச் செலவுக் கணக்கு நினைவுக்கு வராது. ஊருக்குத் திரும்பி அலுவலக நாற்காலியில் உட்காரும்வரை!